நானூறு படங்களுக்கு நம்பர் போட்டவன் எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இன்னும் எட்டு நாளில் உனக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் ஒரு தகப்பன் மகனுக்குக் கடிதம் எழுதினால் அது புத்திமதியாகத்தான் இருக்கும் என்று நீ முதல் வரியிலேயே கொட்டாவி விடுவாய். போனில் சொல்லலாம் என்றால் "எப்பா, மீட்டிங்ல இருக்கேன், பொறவு கூப்பிடுதேன்" என்பாய். அந்தப் பொறவு மறுநாள் வரும். அதற்குள் எனக்குச் சொல்ல வந்தது மறந்து, பந்திக்கு அவியல் வேண்டுமா கூட்டு வேண்டுமா என்று பேசி வைத்துவிடுவோம். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். முப்பத்தாறு வருடம் தாலுகா ஆபீசில் உட்கார்ந்து ஊர் உலகத்துக்கெல்லாம் கடிதம் எழுதியவன், பெற்ற பிள்ளைக்கு ஒன்றும் எழுதியதில்லை. மேலே "பொருள்", "பார்வை" என்றெல்லாம் போடாமல் எழுத இன்றைக்கு முயற்சி செய்கிறேன். கை தானாக அங்கே போகிறது, பிடித்து இழுத்து வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது ஒன்று சொன்னாய். பெங்களூரில் புது வீட்டில் டிவியை மாட்டி, அதன் முதுகில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரையும் ஒட்டி, படம், பாட்டு, சீரியல் எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிட்டாயாம். "அவளுக்குப் பிடிச்சது எல்லாம் முதல் பக்கத்துலயே வச்சுட்டேன்பா. வந்து ஒக்காந்து பாத்தா போதும்" என்றாய். நானும் சபாஷ் என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு இருப்புக்கொள்ளவில்லை. ஏனென்றால் அதே வேலையை, அதே பெருமையோடு, இந்த வீட்டில் நானும் செய்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தக் கதையில் பாதி உனக்குத் தெரியும், நீதானே போனில் வழி சொன்னாய். மீதிப் பாதியை உன்னிடம் மறைத்துவிட்டேன். இந்தக் கடிதம் அந்த மீதிக்காக.

உன் அம்மாவின் கண் விஷயத்தை நீ லீவில் வந்தபோது பார்த்தாய். சர்க்கரை கண்ணுக்குள் இறங்கி, திருநெல்வேலிக்கு நாலு நடை நடந்து, கடைசியில் டாக்டர் கையை விரிக்காத குறையாகச் சொன்னார்: இருக்கிற பார்வை இப்படியே நிற்கும், பெரிது பெரிதாக இருந்தால் தெரியும், பொடி எழுத்து இனிமேல் கஷ்டம். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து வழக்கம்போல் காபி போட்டாள். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக டிவி முன்னால் உட்காருவதை விட்டுவிட்டாள். கேபிள் பெட்டி ரிமோட்டில் ஐம்பது பொத்தான். திரையிலோ எறும்பு ஊர்கிற எழுத்து. எதைப் போடவும் என்னைக் கூப்பிட வேண்டும். "அத மாத்துங்க, இத மாத்துங்கன்னு ஒரு ஆளக் கெஞ்சிக்கிட்டு என்னத்தப் பாக்க" என்று சொல்லிவிட்டு ஏழரை மணிக்கே படுக்கப் போனாள். உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நானும் உன் சித்தப்பாவும் ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. அவளுக்கு பஸ் அலைச்சல் ஆகாது. பகல் முழுக்க அவள் ஒருத்தியாக வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாளே என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரையும் கேட்காமல், தன் கையால், தனக்கு வேண்டியதைப் போட்டுப் பார்க்க வேண்டும் அவள். நான் வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான். அப்போதுதான் நீ காலேஜ் பிராஜெக்டுக்கு வாங்கி மேஜை டிராயரில் போட்டுவிட்டுப் போன அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரின் ஞாபகம் வந்தது.

சீட்டுக்கட்டு அளவுப் பச்சைத் தகடு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு உனக்குப் போன் போட்டபோது நீ சிரித்தாய். "எப்பா, ஒங்களுக்கு எதுக்கு வம்பு, நான் கல்யாணத்துக்கு வரும்போது செஞ்சு தாரேன்" என்றாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நிலப் பட்டா எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது ஐம்பது வயதில் கற்றுக்கொண்டவனாக்கும் நான். சரி, நீ சொல்லச் சொல்லச் செய்தேன். மெமரி கார்டில், படம் ஓட்டுகிற பிளேயர் என்று நீ சொன்ன மென்பொருளை இறக்கினேன், கார்டைத் தகட்டின் அடியில் செருகினேன், கேபிளை டிவிக்குக் கொடுத்தேன். படம் வந்தது! உன் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, ஒரே கட்டம் கட்டமா இருக்கு?" என்றாள். தமிழ் மொழியைத் தேர்ந்தெடுத்திருந்தேன், எழுத்துருவை மாற்றவில்லை. திரை முழுக்கத் தமிழுக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள். எந்தக் கட்டத்துக்குள் செட்டிங்ஸ் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க நொண்டி விளையாடினேன். கடைசியில் மறுபடியும் ஆங்கிலத்துக்குப் போய், எழுத்துருவை மாற்றி, திரும்பத் தமிழுக்கு வந்தேன்.

அடுத்த கூத்து மின்னல். திரையின் வலது மூலையில் அவ்வப்போது மஞ்சளாக ஒரு மின்னல் படம் வந்து வந்து போனது. வெளியே சாரல் வேறு பிடித்திருந்தது. ஆகா, இந்தக் காலத்தில் எவ்வளவு அருமையான வசதி, இடி மின்னல் வரப்போவதை முன்கூட்டியே சொல்கிறது என்று நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சையே அணைத்தேன். ஒரு நாள் இல்லை, மூன்று நாள். ஒவ்வொரு தடவையும் அப்படித் திடுதிப்பென்று அணைத்ததில் மெமரி கார்டு குழம்பிப்போய், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. நாலாவது நாள் உன்னிடம் கேட்டபோதுதான், அது மழைக்கான மின்னல் இல்லை, பழைய செல்போன் சார்ஜரிலிருந்து கரண்டு போதவில்லை என்று அந்தத் தகடு அழுகிற அழுகை என்று சொன்னாய். தென்காசி பஜாரில் நல்ல சார்ஜராக வாங்கி மாட்டியதும் மின்னல் போய்விட்டது. நான் மெயினை அணைத்த மூன்று நாளும் எதிர் வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்துத் தாங்களும் பிரிஜ்ஜை அணைத்து வைத்திருந்தார்கள். இதை யாரிடமும் சொல்லாதே.

இதுவரை உனக்குத் தெரியும். இனிமேல்தான் மறைத்த பாதி.

நீ நானூறு சொச்சம் படங்களை ஹார்ட் டிஸ்கில் போட்டு பார்சலில் அனுப்பினாய். கூடவே படித்துப் படித்துச் சொன்னாய், "எப்பா, பைல் பேரை மட்டும் மாத்திராதீங்க" என்று. பெயரை வைத்துத்தான் அந்தப் பிளேயர் எந்தப் படம் என்று கண்டுபிடித்து, இன்டர்நெட்டிலிருந்து சுவரொட்டியைக் கொண்டுவந்து பெரிதாகக் காட்டும் என்றும் சொன்னாயாம். அந்த இரண்டாவது வாக்கியம் என் காதில் ஏறவில்லை. ஹார்ட் டிஸ்கைத் திறந்து பார்த்தேன். பெயர்களா அவை? ஒன்று ஆங்கிலத்தில் நீளமாக, ஒன்று வருடத்தோடு, ஒன்று புள்ளி புள்ளியாக. முப்பத்தாறு வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் கண்ணுக்கு அது குப்பைமேடாகத் தெரிந்தது. உட்கார்ந்தேன். பதினொரு நாள். பக்திப் படத்துக்கு அ1, குடும்பப் படத்துக்கு அ2, நகைச்சுவைக்கு ஆ1, பழைய கறுப்பு வெள்ளைக்கு ஆ2 என்று ஆபீசில் பிரிவு பிரிக்கிற மாதிரிப் பிரித்து, ஒவ்வொன்றின் பெயரையும் அழித்துவிட்டு நம்பர் போட்டேன். ஆபீஸ் வழக்கப்படி நடுவில் சாய்கோடு போடக் கம்ப்யூட்டர் சம்மதிக்கவில்லை என்பதால் சிறு கோடு போட்டேன். எந்த நம்பர் எந்தப் படம் என்று தனியாக ஒரு நோட்டில் சிவப்பு மையும் நீல மையுமாகப் பதிவேடு எழுதினேன். அட்டை போட்டு, ஓரத்தில் நூல் கோத்து, டிவிக்கு அடியில் வைத்தேன்.

பிறகு பிளேயரில் 'நூலகம்' என்று பெயர் போட்டிருக்கிற படப் பட்டியலைப் புதுப்பித்தபோது சுவரொட்டி எல்லாம் மறைந்துபோயின. திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரிப் பெட்டிகள், பெட்டிக்கு அடியில் அ1-14, அ1-15 என்று நம்பர்கள். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. சுத்தமாக இருக்கிறது என்று நினைத்தேன். எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக வைத்தேன். முதல் பக்கத்தில் தேவையில்லாததை எல்லாம் எடுத்துவிட்டு, காலையில் ஆன் செய்தவுடன் சுப்ரபாதம் தானாகப் பாடும்படி செய்தேன். உன் அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? பக்திப் பாட்டு, பழைய படம், கோயில் திருவிழா. அதைத்தான் வரிசையாக வைத்தேன். டிவி ரிமோட்டே போதும், மேல் கீழ், நடுவில் ஓகே, அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவளை உட்கார வைத்து, கையில் ரிமோட்டைக் கொடுத்து, திறப்பு விழா நடத்தினேன். அவள் பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். "இதுல எது எந்தப் படம்?" என்று கேட்டாள். நோட்டைக் காட்டினேன். அந்த நோட்டை இரண்டு கையாலும் வாங்கி, முகத்துக்கு அருகில் கொண்டுபோய், மறுபடியும் தள்ளிப் பிடித்து, மடித்து என்னிடமே கொடுத்தாள். "நீங்களே ஒண்ணு போடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பொடி எழுத்து படிக்க முடியாதவளுக்குப் பொடி எழுத்தில் ஒரு பதிவேடு. தம்பி, நீ இப்போது தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. ஆனால் அதைவிட மோசமான ஒன்றை இங்கே ஒத்துக்கொள்கிறேன். அவள் நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது எனக்கு வருத்தமாக இல்லை. உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் திருப்தியாகத்தான் இருந்தது. ரிட்டயர் ஆனபின் யாரும் என்னிடம் ஒரு பேப்பரையும் நீட்டி, "சார், இதப் பாருங்க" என்று கேட்பதில்லை. இனி இவளாவது ஒவ்வொரு படத்துக்கும் என்னைக் கேட்டாக வேண்டும் என்று அந்த ஓரம் சந்தோஷப்பட்டது. அவள் தானாகப் பார்க்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். முடித்தபோது அவளால் நான் இல்லாமல் ஒன்றுமே பார்க்க முடியாதபடி கட்டி முடித்திருந்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த வாரம் அச்சன்புதூர் போனேன், ஆலங்குளத்தில் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து, "என்ன பாத்த?" என்று கேட்பேன். "ஒண்ணும் பாக்கல, வேல கெடந்துச்சு" என்பாள். எனக்குக் கோபம்கூட வந்தது. பதினொரு நாள் பாடுபட்டிருக்கிறேனே, ஒரு தடவை தொட்டுப் பார்த்தால்தான் என்ன என்று உன் சித்தப்பாவிடம் புலம்பினேன். அவன் பஸ்ஸில் தூங்கிவிட்டான்.

பிறகு வந்தது பண்பொழி. திருமலைக்கோயிலில் முருகன் காலடியில் பத்திரிகையை வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஊருக்குள் ஐந்தாறு வீட்டுக்குக் கொடுத்துச் சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு. இந்த வருடம் ஆவணி பிறந்தும் சாரல் விட்டபாடில்லை. மலையிலிருந்து இறங்குவதற்குள் பத்திரிகைப் பை நனைய ஆரம்பித்துவிட்டது. மஞ்சள் தடவிய பத்திரிகையை ஈரமாக நீட்டினால் நன்றாகவா இருக்கும்? மீதி வீட்டை இன்னொரு நாள் பார்க்கலாம் என்று மதியம் இரண்டு மணிக்கே வீடு வந்து சேர்ந்தேன். கேட்டைத் திறக்கும்போதே சத்தம் கேட்டது. என் வீட்டிலிருந்துதான். யாரோ இரண்டு பேர் மலையாளத்தில் பயங்கரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். டிவிக்கு ஐந்தடி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நம் அடுத்த வீட்டு மேரி டீச்சர். டீச்சர் வீட்டுக்காரர் புனலூரில் பல வருடம் வேலை பார்த்தவர் என்பதால் அவர்கள் வீட்டில் மலையாளம்தான் ஓடும் என்பது உனக்கும் தெரியும். இருவர் மடியிலும் முருங்கைக்கீரைத் தட்டு இருந்தது. கீரை அப்படியே இருந்தது. திரையில் ஒரு போலீஸ்காரர் ஒருத்தனைச் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை. "அவன் இல்ல டீச்சர், அந்த டிரைவர்தான் கொன்னுருக்கான், நான் அப்பவே சொல்லுதேன்லா" என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முகம் இருந்த இருப்பை நான் இந்த வீட்டில் எத்தனையோ காலமாகப் பார்க்கவில்லை.

டீச்சர்தான் முதலில் என்னைப் பார்த்தார். "அய்யோ, அண்ணாச்சி வந்துட்டாங்க" என்று எழுந்தார். உன் அம்மா அசையவில்லை. "வந்தா வரட்டும், நீங்க இரிங்க" என்றாள். நான் டிவிக்குப் பின்னால் பார்த்தேன். உன் தகட்டில் ஒரு பென்டிரைவ் செருகியிருந்தது. டீச்சர் மகன் போட்டுக் கொடுத்ததாம். படங்கள் எல்லாம் அதனதன் பெயரிலேயே இருந்தன. அதனால் பிளேயர் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு, பெரிய பெரிய சுவரொட்டியாகத் திரையில் பரப்பியிருந்தது. முகங்கள், கலர்கள். எழுத்தே படிக்க வேண்டாம், படத்தைப் பார்த்தே எது வேண்டும் என்று சொல்லிவிடலாம். நான் வெளியே போன நாள் எல்லாம் இதுதான் நடந்திருக்கிறது. பென்டிரைவைத் தடவித் தடவிப் பார்த்து அவளே செருகியிருக்கிறாள், அவளே எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள்.

"இதுக்கு முன்னால எங்க பாத்த?" என்று கேட்டேன். தாலுகா ஆபீஸ் விசாரணை மாதிரித்தான் கேட்டிருப்பேன். "டீச்சர் வீட்டுல" என்றாள். எவ்வளவு நாளாக என்றேன். டீச்சர் கீரைத் தட்டைக் குனிந்து பார்த்தார். உன் அம்மா கொஞ்சம் யோசித்து, "தம்பி மூணாப்பு படிக்கும்போதுல இருந்து" என்றாள். இருபது வருடத்துக்கு மேல்! தினமும் இரண்டு மணிக்குக் கீரை உருவ, பூக் கட்ட, மாவு சலிக்க என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனதெல்லாம் மலையாளத்துக்குத்தான். டீச்சர் போன பிறகு நான் நாற்காலியில் உட்கார்ந்து, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டேன். அவள் கோபப்படாமல்தான் பதில் சொன்னாள்.

"சொன்னேனே. கல்யாணமான புதுசுல சொன்னேன். எங்க ஊரு புளியரைல எல்லாரும் மலையாளம் பேசுவாங்க, எனக்கு அந்தப் படம்னா உசுருன்னு சொன்னேன். நீங்க புரியாத பாசைய எவன் பாப்பான்னு சொல்லிட்டு ஆன்டெனாவத் திருப்பப் போயிட்டீங்க."

அந்த ஆன்டெனாவை நீ பார்த்ததில்லை. நீ பிறப்பதற்கு முன்னால், குற்றாலம் ரோட்டு வாடகை வீட்டு மாடியில் மூங்கில் கம்பில் கட்டியிருந்தோம். மேற்கே திருப்பினால் மலையைத் தாண்டிக் கேரளத்து நிலையம் புள்ளி புள்ளியாகத் தெரியும். வடக்கே திருப்பினால் கொடைக்கானலிலிருந்து தமிழ் வரும். நான் வடக்கே வைத்துக் கம்பி போட்டு இறுக்குவேன். வாரா வாரம் அது மேற்கே திரும்பியிருக்கும். சாரல் காற்று படுத்துகிற பாடு என்று நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் குறைப்பட்டுக்கொள்வேன். அதை அன்றைக்கு ஞாபகப்படுத்தியபோது உன் அம்மா சிரித்த சிரிப்பில் கீரைத் தட்டு கீழே விழுந்தது. "காத்தா? நல்ல காத்து. சனிக்கெழம சாயந்தரம் மட்டும் அடிக்குத காத்து" என்றாள். ஈரமான மொட்டைமாடியில் ஏறிப் போய்க் கம்பியை அவிழ்த்து, மேற்கே திருப்பி, நான் ஆபீசிலிருந்து வருவதற்குள் கால்வாசிப் படமாவது பார்த்துவிடுவாளாம். கல்யாணமாகி முப்பத்துமூன்று வருடம். இவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஊரில் யார் கேட்டாலும் நான் டக்கென்று பதில் சொல்லியிருப்பேன். எல்லாம் தப்பு.

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தேன். இந்தத் தடவை பதிவேட்டை எடுத்து ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, பேனாவோடு அவள் எதிரில் உட்கார்ந்து, "மொதல்ல என்ன வேணும், சொல்லு" என்றேன். நான் விளையாடுகிறேனோ என்று பார்த்தாள். பிறகு, "காலைல அந்தப் பாட்டு வேண்டாம்" என்றாள். எந்தப் பாட்டு? "அதான், ஆன் பண்ணுன ஒடனே பாடுதே. காலைல எனக்கு ஒரு சத்தமும் வேண்டாம். குருவி கத்துதது கேக்கணும்." நான் முப்பது வருடமாக விடியற்காலை பக்திப் பாட்டுப் போடுகிறவன். அதைக் கேட்டுக்கொண்டேதான் அவள் கோலம் போடுவாள். விரும்பிக் கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன். எழுதிக்கொண்டேன். அப்புறம் கொலைக் கேஸ் படம் வேண்டும் என்றாள், மலையாளத்தில் எத்தனை இருக்கிறதோ அத்தனையும். பேய்ப் படம் வேண்டும். கடலுக்கு அடியில் மீனைக் காட்டுகிற படம் வேண்டும், கண்ணுக்கு அது தெளிவாகத் தெரிகிறது. அழுகைப் படம் ஒன்றுகூட வேண்டாம். "ஒங்க பழைய படத்த எல்லாம் ஒரு ஓரத்துல போட்டுக்கிடுங்க, ஒங்களுக்கும் வேணும்லா" என்று எனக்கும் ஒரு பெட்டி ஒதுக்கினாள்.

நானூறு படத்துக்கும் பழைய பெயரைத் திரும்ப வைக்க ஒன்பது நாள் ஆனது. என் பதிவேடு அதற்கு மட்டும் உதவியது. பெயர் சரியானதும் சுவரொட்டிகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. முதல் பக்கத்தில் நாலே பெட்டி, நாலும் அவள் சொன்ன வரிசையில். பாதி வேலையில் நான் வழக்கம்போல், "இத இங்கன வச்சா நல்லாருக்கும்லா" என்று ஆரம்பித்தேன். அவள் "எனக்கா, ஒங்களுக்கா?" என்று கேட்டாள். கையை எடுத்துவிட்டேன். இப்போது அவளுக்கு என் உதவி வேண்டியதில்லை. ரிமோட் அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. டீச்சரும் திருட்டுத்தனமாக வருவதில்லை, முன்வாசல் வழியாக முறுக்கோடு வருகிறார்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். தம்பி, உன் புது வீட்டு டிவியில் நீ அடுக்கி வைத்திருக்கிற அந்த முதல் பக்கத்தை இன்றைக்கே அழித்துவிடு. ஹார்ட் டிஸ்க் இருக்கட்டும், படங்கள் இருக்கட்டும். முதல் பக்கம் மட்டும் காலியாக இருக்கட்டும். ஆலங்குளத்திலிருந்து அந்தப் பெண் வந்து உட்கார்ந்த பிறகு, உனக்கு என்ன வேண்டும் என்று கேள். போனில் ஆறு மாதமாகப் பேசுகிறோம், எனக்குத் தெரியாததா என்று சொல்லாதே. நான் முப்பத்துமூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்து தெரிந்துகொண்ட லட்சணத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை சும்மா இரு. நம் வீட்டு ஆண்களுக்குக் கேட்கத் தெரியும், சும்மா இருக்கத்தான் தெரியாது. உன் தாத்தாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் உனக்குத் துளியும் பிடிக்காத ஒன்றைச் சொல்லலாம். உனக்குப் புரியாத ஒன்றைச் சொல்லலாம். சரி என்று வை. உனக்கும் ஒரு பெட்டி கிடைக்கும், பயப்படாதே. இரண்டு வருடம் கழித்து அவள் மாறிவிடுவாள், அப்போது மறுபடியும் கேட்க வேண்டும். உன் அம்மாவிடம் நான் இதைச் சொன்னபோது, "அவன் ஒங்க பிள்ளைல்லா, கேப்பான்னா நெனைக்கீங்க?" என்றாள். நீ கேட்பாய் என்றுதான் நான் சொன்னேன். என் பேச்சைக் காப்பாற்று.

இன்னும் ஒன்று இருக்கிறது. பண்பொழியிலிருந்து வந்த மறுநாள் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொலைக் கேஸ் பார்த்தேன். ஒரு வார்த்தை புரியவில்லை. அவள் ஒரு கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எனக்குத் தமிழில் சொன்னாள். இவன் இப்படிக் கேட்கிறான், அவள் பொய் சொல்கிறாள், அந்தக் கடிகாரத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று. சலிக்கவே இல்லை. எனக்கு அப்போது பழைய ராத்திரிச் சாப்பாட்டு நேரங்கள் ஞாபகம் வந்தன. நாம் இருவரும் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். அவள் பாத்திரம் கழுவி, அடுப்பைத் துடைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பாதிப் படத்தில் வந்து, "இது யாரு? என்ன ஆச்சு?" என்று கேட்பாள். "பேசாமப் பாரு" என்பேன் நான். நீயும் சொல்லியிருக்கிறாய், தம்பி, என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டு. ஒரு நாள்கூட நாம் அவளுக்குக் கதை சொன்னதில்லை.

இப்போது மணி நாலு. வெளியே மெல்லிசாகத் தூறல். நான் இந்த அறையில் எழுதிக்கொண்டிருக்கிறேன், அவள் அங்கே புதிதாக ஏதோ போட்டிருக்கிறாள். இவ்வளவு நேரம் மலையாளத்தில் யாரோ அழுதுகொண்டும் யாரோ மிரட்டிக்கொண்டும் இருந்தார்கள். திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. கரண்டு போயிற்றோ என்று நிமிர்ந்து பார்த்தால் மேலே பேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. கூடத்திலிருந்து குரல் வருகிறது.

"ஏங்க, இன்னுமா எழுதுதீங்க? வாங்க. கொன்னவன் யாருன்னு இப்பத் தெரிஞ்சிரும். நீங்க வரட்டும்னு நிப்பாட்டி வச்சிருக்கேன்."

எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறாள், தம்பி. மீதியை நீ நேரில் வரும்போது பேசிக்கொள்வோம். நான் போகிறேன்.

அப்பா